கிளாரன்ஸ் வாயை மூடிக்கொண்ட வாரம்

கிளாரன்ஸ் முப்பது வருடம் காப்புறுதி விற்றவர். செந்தூலிலிருந்து கிள்ளான் வரை வீடு வீடாகப் போய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு என்று ஊரைப் பயமுறுத்தியதில், ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பயமெல்லாம் அவரிடமே வந்து குடியேறிவிட்டது. தொலைக்காட்சியில் யாராவது இருமினால் இவருக்குத் தொண்டை கரகரக்கும். மனைவி உர்சுலா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணக்குப் பாடம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் கணவரையும் பார்ப்பார்.

அரசாங்க கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்த டாக்டர் ஷாமினி, கொழுப்பு கூடியிருக்கிறது என்று சொல்லி, இரவில் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தசை வலிச்சா மட்டும் உடனே வந்து சொல்லுங்க அங்கிள்" என்றார். கிளாரன்ஸ் கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் கைப்பேசியில் மற்ற பக்கவிளைவுகளையும் தேடிப் படித்துவிட்டார்.

"தலவலி வருமாம். தூக்கம் வராதாம். மலச்சிக்கல். ஞாபகமறதி வேற."

"ஞாபகமறதி மாத்திரைக்கு முன்னாடியே வந்திருச்சு லா" என்றார் உர்சுலா. "நம்ம கல்யாண நாள் என்னைக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

கிளாரன்ஸ் காரை எடுத்தார்.

படித்தவையெல்லாம் வரிசை தவறாமல் வந்தன. திங்கட்கிழமை தலைவலி. செவ்வாய்க்கிழமை வயிற்று உப்புசம். புதன் காலை, "ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல" என்றார்.

"ஆமா, உங்க கொறட்டையில நானுந்தான் தூங்கல" என்றார் உர்சுலா.

கேட்க ஆளில்லாத நோய்கள் எவ்வளவு நாள் தாங்கும்? ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போயின. கிளாரன்ஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாதா கோவில் பாடகர் குழுவுக்கும் போய்க்கொண்டு, சும்மா இருந்தார்.

சீனப் பெருநாள் வந்தது. எதிர்வீட்டு லிம் ஆன்டியின் மகன் ஈப்போவிலிருந்து ஒரு லோரியே காலியாகியிருக்கும் என்று தோன்றும் அளவுக்கு பம்பளிமாஸ் பழங்களைக் கொண்டுவந்து இறக்கினான். ஒரு மூட்டை இவர்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. உர்சுலாவுக்குச் சந்தோஷம். முறுக்கு டின்னை மேல் அலமாரியில் வைத்துவிட்டு, தினமும் சாயங்காலம் ஒரு பழத்தைத் தோலுரித்து, வெள்ளைத் தோல் நீக்கி, சுளைசுளையாகத் தட்டில் வைத்து நீட்டினார்.

"சாப்பிடுங்க. கொழுப்புக்கு நல்லது."

கிளாரன்ஸும் மறுக்காமல் சாப்பிட்டார். மூட்டை தீர்ந்ததும் லிம் ஆன்டி இன்னொன்று கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டு எழுந்தார்கள், கிளாரன்ஸ் எழவில்லை. என்ன பாவத்துக்கு இவ்வளவு நேரம் மன்றாடுகிறாரோ என்று உர்சுலாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. விலாவில் இடித்துக் கேலி செய்யலாம் என்று குனிந்தவர், முன்பெஞ்சைப் பிடித்திருந்த அவர் கைகளைப் பார்த்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கிளாரன்ஸ் உடம்பை மேலே தூக்கப் பார்த்தார், தொடை ஒத்துழைக்கவில்லை. முகத்தில் வேர்வை. ஒரு சத்தமும் இல்லை.

உர்சுலா அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அப்போதுதான், இந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. கணவர் மாடிப்படியில் நின்று நின்று வந்ததும், நாற்காலியிலிருந்து மேசையை ஊன்றி எழுந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

காரில் ஏறியதும் கேட்டார். "எத்தன நாளா வலிக்குது?"

"நாலஞ்சு நாளா. தொடையும் கெண்டக்காலும்."

"ஏன் சொல்லல?"

கிளாரன்ஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "இந்தத் தடவ நெஜமாவே வலிச்சுச்சு. நீ சிரிச்சிருந்தா கஷ்டமா இருந்திருக்கும்."

உர்சுலா சாவியைத் திருப்பினார். அன்று வண்டியை அவர்தான் ஓட்டினார்.

மறுநாள் காலையிலேயே கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஷாமினி தொடையை அழுத்திப் பார்த்தார்.

"பாத்ரூம் போறப்ப சிறுநீர் கறுப்பா, தேத்தண்ணி மாதிரி போச்சா அங்கிள்?"

"இல்ல டாக்டர்."

"புதுசா வேற மருந்து? நாட்டு மருந்து?"

"ஒண்ணுமில்ல."

"சாப்பாட்டுல ஏதாவது? கிரேப்ஃப்ரூட் மாதிரி?"

"அதெல்லாம் நாங்க வாங்குறதே இல்ல" என்றார் உர்சுலா. பிறகு கொஞ்சம் யோசித்து, மெல்லிய குரலில், "லிமாவ் பாலி அதுல சேருமா டாக்டர்?" என்று கேட்டார்.

"பம்பளிமாஸா? எவ்வளவு சாப்பிட்டாரு?"

"தினம் ஒண்ணு."

"ஒரு சுளையா?"

"ஒரு பழம்" என்றார் கிளாரன்ஸ். "இவதான் உரிச்சுக் குடுத்தா. கொழுப்புக்கு நல்லதுன்னு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். இந்த மாத்திரையை உடம்பு கரைத்து வெளியேற்ற வேண்டும். அந்தப் பழம் அதைத் தடுக்கக்கூடும். அப்போது மருந்து இரத்தத்தில் தேங்கிவிடும், தசை நோகும். "இப்போதைக்கு மாத்திரைய நிறுத்துவோம். ரத்தம் எடுத்துப் பாக்கலாம். நீங்களா நிறுத்தாம வந்தது நல்லது."

முடிவு வரும்வரை வீட்டில் எல்லாம் தலைகீழானது. உர்சுலா மணிக்கொரு தரம், "இப்ப எப்படி இருக்கு? கலர் பாத்தீங்களா?" என்று குளியலறைக் கதவைத் தட்டினார். "உர்சுலா, என்னை நிம்மதியா விடு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மிச்சப் பழங்களை உர்சுலா கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

தசைச் சேதத்தைக் காட்டும் நொதியின் அளவு இரத்தத்தில் கொஞ்சம் கூடியிருந்தது, சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் வலி இறங்கியது. அளவும் இறங்கியதும் டாக்டர் வேறொரு வகை மாத்திரை கொடுத்தார். அது அவருக்கு ஒத்துக்கொண்டது.

உயிர்ப்பு ஞாயிறன்று பிரிக்பீல்ட்ஸில் உர்சுலாவின் தங்கை ஜோஆன் வீட்டில் விருந்து. ஆட்டிறைச்சிப் பிரட்டலைத் தள்ளி வைத்துவிட்டு, கிளாரன்ஸ் நடுக்கூடத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவருக்கு உண்மையான பக்கவிளைவு வந்திருந்தது. அந்தப் பெருமை முகத்தில் எண்ணெய்போல் மினுங்கியது.

"கால் அசையவே இல்ல. பூசைக்கு நடுவுல. அப்படியே தூக்கிட்டுத்தான் போனாங்க."

"தூக்கிட்டா போனாங்க?" என்று ஜோஆன் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

உர்சுலா சோற்றுக் கரண்டியோடு நின்றிருந்தார். கணவரின் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "நாலு பேரு."