நாற்பத்தேழு பேருடைய வோட்டு

சிவமணி துக்கம் விசாரித்து முடிக்கவில்லை. "என்ன அக்கா செய்யிறது, நாங்கள் எல்லாரும் ஒருநாள்..." என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடங்கியவளின் கையில் இம்மாகுலேற் ஒரு போனை வைத்தாள்.

"முதல் இதைப் பார், சிவமணி. மூண்டு பேரின்ரை படம் வரும். உனக்குப் பிடிச்ச ஆளிலை அமத்து. பிறகு இருந்து அழுவம்."

சிவமணி பயந்துபோய்ப் பெட்டியைப் பார்த்தாள். பெட்டிக்குள் நீக்கிலாஸ், மகளின் முதல் நன்மைப் பூசைக்கு வாங்கிய சாம்பல் நிறக் கோட்டுடன், விரல்களில் செபமாலை சுற்றியபடி கிடந்தார். இடம், பாரிசின் வடக்கு ஓரத்தில், பிரேதத்தைப் பார்வைக்கு வைக்கிற ஒரு மலர்ச்சாலை. வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டேகால். புருசனைப் பறிகொடுத்த மனிசிக்கு மூளை பிசகிவிட்டது என்று சிவமணி நினைத்திருந்தால் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

இம்மாகுலேற்றுக்கு ஒன்றும் பிசகவில்லை. சொல்லப்போனால், அவர் போன இந்த ஆறு நாளில் அன்றைக்குத்தான் அவளுக்குத் தலை தெளிவாக இருந்தது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது, அதுதான் காரணம்.

அன்று காலையில், பூசைக்குப் பாடுகிற கிங்ஸ்டனின் நம்பர் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் பெல்ட்டோடும் சப்பாத்தோடும் ஒரு பையில் போட்டுக் கொடுத்த நீக்கிலாஸின் போனை எடுத்துச் சார்ஜில் போட்டுத் திறந்தாள். தேத்தண்ணி கொதிப்பதற்குள் அது நிறுத்தாமல் சிணுங்கத் தொடங்கியது. மகள் ஷிரோமி ஓடிவந்து பார்த்தாள். திருமதி சிவமணி அவர்களுக்கு வணக்கம், உங்கள் வாக்கைச் செலுத்த இங்கே அழுத்தவும். திரு ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு வணக்கம். திரு அன்ரன் அவர்களுக்கு வணக்கம். இப்படி நாற்பத்தேழு மின்னஞ்சல்கள். வாக்களிப்பு இன்று மாலை ஆறு மணிக்கு முடிவடையும் என்று ஒவ்வொன்றின் அடியிலும் தடித்த எழுத்தில் இருந்தது.

அடுத்த வருடம் சனாதிபதித் தேர்தல். அதற்கு முன்னால், இடதுசாரிக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து, மூன்று பேரில் யாரைத் தங்கள் வேட்பாளராக நிறுத்துவது என்று மக்களிடமே கேட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவர்களும், இந்த நாட்டில் வசித்தால் போதும், பதிந்துவிட்டு வோட்டுப் போடலாம் என்று அறிவித்தார்கள். நீக்கிலாஸுக்குத் தலைகால் தெரியவில்லை. இருபத்தொன்பது வருடமாக இந்த ஊர் ரெஸ்ரோறன்களில் கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, கடைசியில் தலைமைச் சமையல்காரனாகியும், வதிவிட அனுமதிக் காட்டைப் புதுப்பித்துக் கொண்டிருந்தாரே தவிர, ஒரு கவுன்சிலரைக்கூடத் தெரிவு செய்ததில்லை.

மூவரில் அவருடைய ஆள் ஆன்-சோஃபி. ஒரு சின்ன ஊரின் மேயர். ரெஸ்ரோறன் குசினிகளில் சமைக்கிற விசா இல்லாத தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கொட்டுகிற மழையில் இரண்டு நாள் அவர்களோடு தெருவில் நின்றவர். தன்னைவிடப் பத்து வயது இளையவரென்றாலும் நீக்கிலாஸ் "சோபியக்கா" என்றுதான் சொல்வார். வேலைக்குப் போகுமுன் விடிய ஆறு மணிக்கு தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில், மெற்றோ வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தார். தமிழில் ஒன்று வேண்டுமென்று, மரண அறிவித்தல் அடிக்கிற கடையிலேயே கொடுத்து அடிப்பித்தார். அந்தக் கடைக்காரன் கை பழகிய பழக்கத்தில் ஆன்-சோஃபியின் முகத்தை முட்டை வடிவச் சட்டத்துக்குள் போட்டு, இரண்டு பக்கமும் மலரும் வைத்துவிட்டான். இந்தப் பிள்ளை எப்ப மோசம்போனது என்று ஒரு கிழமையாகச் சனம் அவரை விசாரித்தது. நீக்கிலாஸ் அசரவில்லை. எங்கள் ஆட்கள் மரண அறிவித்தலைத்தான் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார்கள், இது நல்லதுக்குத்தான் என்று இன்னும் இருநூறு அடிக்கச் சொன்னார்.

பதிவதற்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும். லாசப்பலில் பாதிப்பேருக்கு அது இல்லை, இருந்தவர்களுக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. காட்டுப் புதுப்பிக்கிற விண்ணப்பப் பாரத்திலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாரம்வரை அவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பவர் நீக்கிலாஸ்தான். இதையும் அவரே செய்தார். ஆளுக்கொரு முகவரி உண்டாக்கி, எல்லாவற்றையும் தன்னுடைய போனிலேயே திறந்து வைத்தார். நாள் வர நான் சொல்லுறன் என்றார். அவர்களும் நிம்மதியாக மறந்துவிட்டார்கள். சிலர், அன்றைக்குப் பதிந்ததே வோட்டுப் போட்டதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாள் வந்தபோது அவர் இல்லை.

ஒன்றரை மணிக்கு, சனம் வருமுன், தவரத்தினம் மலர்ச்சாலை நடைபாதையில் அவளைத் தனியே பிடித்தான். நீக்கிலாஸோடு மெற்றோ வாசலில் நோட்டீஸ் கொடுத்தவன். அழுதழுது கண் வீங்கியிருந்தது. மின்னஞ்சல்கள் வந்த செய்தியை ஷிரோமி சொல்லிக் கேட்டிருந்தான்.

"அக்கா, எல்லாம் உங்கடை கையிலைதானே இருக்கு. இஞ்சை தாங்கோ, அரை மணித்தியாலத்திலை நாற்பத்தேழையும் சோபிக்குப் போட்டிடுறன். அண்ணையின்ரை கடைசி ஆசை. ஆர் பாக்கப்போயினம்?"

இம்மாகுலேற்றுக்கு அது ஆசையாகத்தான் இருந்தது. அவருக்குச் செய்ய இனி என்ன மிச்சம் இருக்கிறது? பெட்டி, பூ, பூசை, குழி. எல்லாம் காசுக்கு யாரோ செய்கிற வேலை. இது ஒன்றைத்தான் அவளால் தன் கையால் செய்ய முடியும். நாற்பத்தேழு வோட்டை அவருடைய காலடியில் வைத்து அனுப்பலாம். போனைத் தவரத்தினத்திடம் நீட்டவும் செய்தாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது. அவர் பாரம் நிரப்புகிற விதம் அவளுக்கு நினைவில் வந்துவிட்டது. இருபது வருடமாகத் தெரிந்த ஆளாக இருந்தாலும், பெயர் என்ன, பிறந்த திகதி என்ன என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வாய்விட்டுக் கேட்பார். பதில் வரும்வரை பேனையை மேலே தூக்கிப் பிடித்திருப்பார். அவளுடைய பாரத்துக்கே அப்படித்தான். கலியாணம் கட்டின திகதியை அவளிடம் கேட்டுவிட்டுப் பேனையோடு காத்திருந்த மனிசன். உங்களுக்குத் தெரியாதோ என்று எரிந்து விழுந்தால், எனக்குத் தெரியும், ஆனால் பாரம் உன்னுடையது என்பார்.

"இல்லைத் தவம்," என்றாள். "கேட்டுத்தான் போடவேணும். எல்லாரும் இண்டைக்கு இஞ்சை வருவினம்தானே."

"செத்தவீட்டிலையோ அக்கா?"

"வேறை எங்கை அவை எல்லாரையும் ஒண்டாப் பிடிக்கிறது?"

ஷிரோமிக்கும் இது பிடிக்கவில்லை. இது அப்பாவின் இறுதி நாள், தேர்தல் அலுவலகம் இல்லை என்று பிரெஞ்சில் சொன்னாள். மகள் பிரெஞ்சில் கேட்பதற்குத் தாய் தமிழில் பதில் சொல்வதுதான் அந்த வீட்டு வழக்கம். "உன்ரை அப்பாவுக்கு ரெண்டும் ஒண்டுதான்," என்றாள் இம்மாகுலேற். மகள் போய்ப் பெயர்களை ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. சிவமணிதான் முதல் ஆள். விசயம் விளங்கியதும் அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "நீக்கிலாஸண்ணை ஆருக்குப் போடச் சொன்னவர்?"

"அவர் சொன்னது அவரின்ரை. நீ உன்ரையைப் போடு."

"எனக்கு ஒருத்தரையும் தெரியாதே அக்கா."

ஷிரோமி பக்கத்தில் இருந்து, மூன்று பேரும் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக் கொடுத்தாள். அப்பாவின் ஆளுக்கு ஒரு சொல் கூட்டவுமில்லை, மற்றவர்களுக்குக் குறைக்கவுமில்லை. இம்மாகுலேற் அதைக் கவனித்தாள், அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று மணிக்கு ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. வருகிறவர்கள் பெட்டிக்கு முன்னால் சிலுவை வரைந்தோ கைகூப்பியோ நிற்பார்கள், பூவை வைப்பார்கள், இம்மாகுலேற்றைக் கட்டிப்பிடிப்பார்கள், பிறகு மூலையில் ஷிரோமிக்குப் பக்கத்தில் வரிசையில் இருப்பார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட மலர்ச்சாலைக்காரர் இதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தமிழர்களுடைய சடங்கு இது என்று எடுத்துக்கொண்டார் போலும், சத்தம் போடாமல் இன்னும் ஆறு கதிரை கொண்டுவந்து போட்டார்.

ஸ்ரீஸ்கந்தராசா லாசப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறவர். எழுபது வயதாகிறது. போனைக் கையில் வாங்கியவர், பெட்டியைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தார். இம்மாகுலேற் கிட்டப் போனாள்.

"தங்கச்சி, குறை நினைக்காதையும். நான் மூண்டாவது ஆளுக்கு எண்டுதான் நினைச்சிருந்தனான். இப்ப இந்த மனிசனுக்கு முன்னாலை எப்பிடி..."

அவள் அவரை எழுப்பி, கதிரையின் முதுகுப்பக்கம் பெட்டியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். "இனி இருந்து போடுங்கோ அண்ணை."

அவர் போட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்தத் திருப்பிய கதிரையில்தான் இருந்தார்கள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஷிரோமியும் பார்க்கவில்லை. தவரத்தினம் வாசலில் நின்று வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டிவந்தான். ஒவ்வொருவருடைய முதுகையும் ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூட்டிவரப் போனான்.

நாலரைக்கு நாற்பத்தொரு பெயர் வெட்டப்பட்டிருந்தது. பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் வேலைக்காக அடுப்படியில் நின்ற அன்ரனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் ஷிரோமி போன் எடுத்து, மின்னஞ்சலை அவர்களுடைய போனுக்கே திருப்பி அனுப்பினாள். இன்னொருத்தர், இப்ப எனக்கு மனம் சரியில்லை, விடு பிள்ளை என்றார். அதுவும் ஒரு பதில்தான் என்று தாய் வெட்டச் சொன்னாள். தாளில் மிச்சம் இருந்தது இரண்டு பெயர்.

"அப்பாவின்ரை?" என்றாள் ஷிரோமி. அன்றைக்கு முதல்தடவையாகத் தாயிடம் தமிழில் கேட்டாள்.

"அதைத் திறவாதை. அவரைக் கேக்காமல் போடேலாது."

"அப்ப உங்கடை?"

இம்மாகுலேற் போனை வாங்கினாள். ஆறு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

அவளுடைய ஆள் ஆன்-சோஃபி இல்லை. தாடி வைத்த தொழிற்சங்கக்காரர் ஒருவர் மூவரில் இருந்தார். ஹொட்டேல் அறை துப்புரவாக்குகிறவர்களுக்கு அறைக் கணக்கில் சம்பளம் கொடுப்பதை நிறுத்தி, மணிக்கணக்கில் கொடுக்க வைப்பேன் என்று அவர் பேசியதை, வேலைத்தலத்தில் அழுக்குத் துணி மூட்டையில் இருந்தபடி போனில் கேட்டிருந்தாள். பதினாறு வருடமாக ஒரு நாளைக்குப் பதினைந்து அறை கூட்டிய முதுகு அவளுடையது. வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஒன்றரை மாதமாக, தேத்தண்ணிக் கோப்பையோடு, சோபியக்காவுக்குத்தானே என்று நீக்கிலாஸ் தினமும் கேட்பார். பாப்பம் என்பாள். ஊரெல்லாம் வோட்டுச் சேர்க்கிறன், என்ரை குசினிக்குள்ளை ஒண்டு கிடைக்குதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

மெற்றோ படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாம் நாளும் கேட்டார். மூக்கில் குழாய். "இப்பவாவது சொல்லன், இம்மா." ஓம் சோபிக்குத்தான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அல்லது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரெண்டையும் செய்யாமல், "வீட்டை வாங்கோ, சொல்லுறன்" என்றாள். அவர் வருவார் என்று அவ்வளவு உறுதியாக நம்பினாள். அடுத்தநாள் விடியப் போய்விட்டார்.

மலர்ச்சாலைக்காரர் வந்து, ஐந்து மணிக்குப் பெட்டியை மூடவேண்டும், நாளைக்குக் கோயிலில் திறக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். அவள் இரண்டு நிமிடம் கேட்டாள். ஷிரோமி அப்பாவைக் குனிந்து முத்தமிட்டுவிட்டு, தவரத்தினத்தையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

இம்மாகுலேற் திருப்பி வைத்த கதிரையில் இருக்கவில்லை. பெட்டிக்குக் கிட்டப் போய், அவருடைய முகத்துக்கு நேரே நின்றாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "நான் தாடிக்குத்தான் போடுறன். அறைக்கணக்கை நிப்பாட்டுவன் எண்டு அந்த மனிசன்தான் சொன்னவர். உங்கடை சோபி எங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை."

படத்தில் அமத்தினாள். உறுதியா என்று போன் கேட்டது. அதற்கும் அமத்தினாள்.

அவரிடம் இதற்கு ஒரு பதில் இருக்கும். அவளிடமும் அதற்குப் பதில் இருந்தது. போனைக் கையில் பிடித்தபடி, அவர் தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.