வெள்ளிக்கிழமை ரயில்

உம்மாவைத் தூக்கிப்போகப் பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த சந்தூக்குப் பெட்டியைக் கிணற்றடியில் சரித்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான் காலிதீன். படலைக்கு வெளியே முச்சக்கர வண்டி வந்து நின்றது. தம்பி இன்பாஸ் இறங்கினான்.

உம்மா மவுத்தானது விடிய, சுபஹுத் தொழுகை நேரம். செய்தி சொன்னபோது, "நான் வாறன் காக்கா" என்று அண்ணனிடம் சொன்னதோடு போனை வைத்துவிட்டிருந்தான். கொரியாவிலிருந்து எங்கே வருவது, துக்கத்தில் கதைக்கிறான் என்று நினைத்த காலிதீன், ஒருவருக்காகவும் உம்மாவை வைத்திருக்க வேண்டாம், பின்னேரம் அசர் தொழுகையோடே அடக்கிவிடலாமென்று பள்ளியில் அறிவிக்கச் சொன்னான். இப்போது மணி மூன்று.

"கொரியா நம்மட அக்கரைப்பற்றுக்கு அங்காலதான் இரிக்கி எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான் பக்கத்து வீட்டு ஸப்ரி. கதிரைகளில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

காலிதீன் சம்மாந்துறையில் நெல் மில்லொன்றில் மூட்டை தூக்குகிறவன். பள்ளிக்கூடம் போகாதவன். மூன்று வருசத்துக்கு முன் தம்பி கொரியாவுக்கென்று போன பிறகு, அவன் எழுதி அனுப்புவதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டவென்றே, நாற்பத்தோராம் வயதில் மகள் ஆதிலாவின் கொப்பியில் எழுத்துப் படித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் போனில் தம்பியின் எழுத்து வரும். எல்லாம் சியோல் நகர ரயிலில் கண்ட ஆட்களைப் பற்றி. கேக் பெட்டியைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்திருக்கும் கிழவர். தலைமுடி காயாமல் ஓடிவந்து ஏறும் பெண். ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் எல்லார் முகத்திலும் ஒரே நேரம் வெயில் விழுமாம். காலிதீன் எழுத்துக் கூட்டி வாசிப்பான். நிறுத்தினால் உம்மா, "பொறகு?" என்பாள். மில்லில் முதுகில் மூட்டையோடு நின்றும் அவன் அந்த ரயிலைப் பற்றித்தான் கதைப்பான்.

போன மாதம் ஆதிலா பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தாள். கொரியாவில் எழுதியதைத் தமிழுக்கு மாற்றியிருந்தார்கள். முதல் பக்கத்தில் ரயில். அடுத்ததில் கேக் பெட்டிக் கிழவர். தம்பி எழுதியதில் ஒரு சொல்லும் மாறவில்லை. கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு, நாளைக்கே திருப்பிக் குடு என்றான். உம்மாவிடம் சொல்லவில்லை. நோயில் கிடக்கிறவளுக்கு ஏன் என்று, அதன் பிறகு வந்த வெள்ளிகளிலும் குரல் மாறாமல் வாசித்தான்.

இன்பாஸ் கிணற்றடிக்கு வந்தான். அவனில் பாண் மணத்தது.

"எங்கரிந்து வாறாய்?"

"கொழும்பு, மருதானை. பேக்கரியில நிக்கிறன். கொரியாக்குப் போற பாஷைச் சோதனையில நான் பாஸாகல்ல காக்கா."

"அந்தப் புத்தகம்?"

இன்பாஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பிறகு தலையைக் குனிந்தான். "முதலாளிட புள்ளட."

"என்னய விடு. உம்மா நம்பிக் கேட்டுக்கிட்டுக் கிடந்தாவேடா, மூணு வருசமா."

"உம்மாக்குத் தெரியும்."

காலிதீனின் கையில் வாளி அப்படியே நின்றது.

"முதல் மாசமே சொல்லிட்டன். அவதான் எழுதிக்கிட்டே இரி எண்டா. நீ நிப்பாட்டினா காக்கா படிப்ப உட்டிருவான், திரும்பவும் கைநாட்டாப் போயிருவான் எண்டா."

"உம்மாவா சொன்னா?"

"ஓம்."

காலிதீன் மிச்சத் தண்ணீரைச் சந்தூக்கின் மேல் ஊற்றினான்.

அவன் மனைவி முனவ்வறா வாசலில் வந்து நின்றாள். "முகத்த மூடப் போறாங்க. ரெண்டு பேரும் வாங்க."

கபன் துணிக்குள் உம்மாவின் முகம் சின்னதாக இருந்தது. இன்பாஸ் அழுதான். காலிதீனுக்கு அழுகை வரவில்லை. மூடியிருந்த அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடக்கம் செய்யும் மையவாடி கடலோரம். "மக்கமார் ரெண்டு பேரும் இறங்குங்க" என்றார் பள்ளிவாசல் லெப்பை. ஒடுங்கிய கபுறுக் குழிக்குள் காலோடு கால் முட்ட நின்று இருவரும் உம்மாவை ஏந்தி, கிப்லாத் திசைக்குச் சரித்துக் கிடத்தினார்கள். பலகை அடுக்கி முடிந்தது.

இன்பாஸ் இரண்டு கையையும் கோர்த்துக் குனிந்து, காக்கா மிதித்து ஏறட்டுமென்று நீட்டினான். காலிதீன் அதை மிதிக்காமல் குழியின் கரையைப் பிடித்தான். கடல் மணல், பொலபொலவென்று சரிந்தது. திரும்பவும் பிடித்தான். மேலே நின்ற ஒருவர் கை தரவா என்று கேட்டார்.

இன்பாஸ் குனிந்தபடியே நின்றான்.