கயிற்று நாற்காலியைப் பார்க்கப் போனது

பட்டாளத்திலிருந்து தம்பி லட்சுமணன் எழுதும் கடிதங்களை, கொண்டுவரும் தபால்காரர் முனிசாமியிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வாள் அம்மாக்கண்ணு. அவளுக்கும் அவள் கணவன் சின்னராசுவுக்கும் எழுத்து தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள் மலையேறி வரும் முனிசாமி, 1983 தை மாதத்தில் வந்த கடிதத்தை மட்டும் மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது.

லட்சுமணன் அப்போது காஷ்மீரில் குல்மார்க் என்ற இடத்தில் இருந்தான். "அக்கா, இங்கே ஒரு மலையில் யாரும் நடந்து ஏறுவதில்லை. கம்பத்துக்குக் கம்பம் இரும்புக் கயிறு ஓடுகிறது. அதில் நாற்காலி தொங்குகிறது. உட்கார்ந்தால் மேலே கொண்டுபோய் விடும். பனியில் சறுக்கி விளையாடுகிறவர்களுக்காக வைத்திருக்கிறார்கள். நாற்காலி நிற்காது, பின்னாலிருந்து வரும்போதே உட்கார்ந்துகொள்ள வேண்டும். நீயும் மாமாவும் ஒரு தடவை வர வேண்டும்."

அம்மாக்கண்ணுவுக்கு நாற்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து புளிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்திலிருக்கும் அமிர்திக்கு இறங்குகிறாள். உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு அதே வழியில் ஏறுகிறாள். உட்கார்ந்தபடி ஒரு மலையில் ஏறலாம் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டாள்.

"குந்திக்கினே மேல போயிடலாமா?" என்று கேட்டாள்.

"அப்பிடித்தாம்மா எழுதியிருக்காரு."

"நான் அத்த பாக்கணும்," என்றாள், கணவன் பக்கம் திரும்பி.

சின்னராசு திருப்பத்தூரைத் தாண்டியவனில்லை. அங்கே போகும் பஸ்ஸிலும் அவனுக்கு வாந்தி வரும். "காஷ்மீரு எங்க கீதுன்னு தெரியுமா? மூணு நாளு நாலு நாளு ரயில்ல குந்திக்கினு போவணும்," என்றான்.

"குந்திக்கினுதான போவணும், மாமா? நடக்கவா சொல்றாங்க?"

ரயில் சாக்கு அதோடு போயிற்று. பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாயிற்று என்பதால் அந்தச் சாக்கும் இல்லை.

எந்த மாதம் போவது என்பதில் மட்டும் இருவரும் உடனே ஒத்துப்போனார்கள். கடிதத்தில் பனி என்று இருந்தது. பனி என்றால் அவர்களுக்கு மார்கழிக் காலையில் சாமைக் கொல்லையில் இறங்குகிற பனிதான். அது விழுந்தால் பாறை வழுக்கும். வழுக்கி விழுவதை விளையாட்டாகச் செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார்கள். நமக்கு எதற்கு அது, பனியில்லாத கோடையில் போவோம் என்று முடிவாயிற்று. பங்குனியோடு புளி உலுக்கும் வேலை முடிந்துவிடும். சித்திரையில் லட்சுமணன் லீவில் வருவான். வைகாசியில் அவன் திரும்பும்போது கூடவே போய்விடலாம். ஆடுகளைச் சின்னராசுவின் தம்பி பெண்டாட்டி மங்கம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். "லீவு முடிஞ்சி போவும்போது நாங்களும் வர்றோம்" என்று முனிசாமியே ஒரு கார்டு எழுதிப் போட்டார்.

பிறகுதான் சின்னராசுவுக்குக் கவலை பிடித்தது. "நாற்காலி நிக்காதுன்னு எழுதியிருக்கான். ஓடற நாற்காலில எப்படிக் குந்தறது?"

அம்மாக்கண்ணு யோசித்தாள். மறுநாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பலாமரத்தின் கிளையில் இரண்டு கயிற்றைக் கட்டி ஒரு பலகையைத் தொங்கவிட்டாள். "நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு. நான் இழுத்து வுடறேன். வந்ததும் குந்திக்கோ," என்றாள்.

பலகை சின்னராசுவின் முழங்கால் மடிப்பில் அடித்து அவனைக் குப்புறத் தள்ளியது. அடுத்த முறை அவன் முன்கூட்டியே உட்கார்ந்து தரையில் விழுந்தான். அம்மாக்கண்ணுவுக்கு நாலாவது தடவையே கைகூடிவிட்டது. அது சின்னராசுவுக்குப் பொறுக்கவில்லை. மாடு ஓட்டிவிட்டு வந்ததும் தினமும் பலாமரத்தடியில் போய் நின்றான். பத்து நாளில் அவன் பலகையைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டான். அது காலில் படுகிற அந்த நொடியில் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்காமல் போய்வந்தான். ஊரில் சும்மா இருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மங்கம்மாளும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்து விழுந்தாள்.

"திரும்பிப் பாத்தியானா வுழுவ. கால்ல பட்டதும் குந்தணும், அவ்ளோதான்," என்று சின்னராசு அவளுக்கு விளக்கினான். ரயிலைப் பற்றி அவன் பேசுவது நின்றுபோயிருந்தது.

சித்திரை பாதியில் லட்சுமணன் பெட்டியும் படுக்கையுமாக வந்து சேர்ந்தபோது, சின்னராசு பலகையில் போய்வந்துகொண்டிருந்தான், சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். என்ன இது என்று கேட்டான். சொன்னார்கள். லட்சுமணன் சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அக்கா, நீங்க ஊரச் சுத்திப் பாக்க வர்றீங்கன்னு நெனச்சேன். கோடையில அது ஓடாதுக்கா."

"இன்னா, ஓடாதா?"

"அங்க பனின்னா நம்மூருப் பனி இல்ல. உப்பக் கொட்டி வச்சாப்பல வெள்ளையா ஆள் ஒசரம் கெடக்கும். கால்ல கட்டையக் கட்டிக்கினு அதுமேல சறுக்கிக்கினு வருவாங்க. அவங்கள மேல ஏத்தறதுக்குத்தான் நாற்காலி. கோடையில பனியெல்லாம் கரைஞ்சி வெறும் புல்லா இருக்கும். நாற்காலிய நிறுத்திடுவாங்க. மார்கழில வாங்க, குந்திக்கினு போவலாம்."

மார்கழியில் சாமை அறுப்பு. அதை விட்டுவிட்டு யாராலும் அசைய முடியாது என்று லட்சுமணனுக்கும் தெரியும்.

"சரி, வுடு. நீ கைகால் கழுவிக்கினு வா, களி கிண்டறேன்," என்று உள்ளே போய்விட்டாள் அம்மாக்கண்ணு. வழிக்கென்று அவள் தைத்து வைத்திருந்த துணிப்பை ஆணியில் தொங்கியது. அதை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். அடுப்பு பற்றவே இல்லை, புகைந்துகொண்டே இருந்தது.

சின்னராசு வாசலில் வந்து நின்றான். அவன் முகத்தில் நிம்மதி தெரியும் என்று எதிர்பார்த்துத்தான் அவள் நிமிர்ந்தாள்.

"இன்னாத்துக்குப் பைய எடுத்து வச்ச?"

"அதான் ஓடலையாமே."

"ஓடாட்டி போவுது. நாற்காலிய கயட்டிக்கினா போயிட்டான்? அங்கதான தொங்குது? பாக்கணும்னுதான சொன்ன? பாத்துட்டு வருவோம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "ஒரு மாசமா வுழுந்து எழுந்து ஊரே பாத்துச்சு. இப்ப போவலன்னா இந்தப் பசங்க நடுவுல நான் எப்படிப் பீடி குடிக்கறது?"

அம்மாக்கண்ணு சிரித்துவிட்டாள். அடுப்பும் பற்றிக்கொண்டது.

வைகாசி முதல் வாரத்தில் மூவரும் அமிர்திக்கு இறங்கி வேலூர் பஸ் ஏறினார்கள். சின்னராசு வேலூர் வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தான். ரயிலில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலை விட்டு நகராமல், எந்த ஊரில் என்ன பயிர் என்று சொல்லிக்கொண்டே வந்தான். கோதுமை அறுத்த தாளைப் பார்த்து இரண்டு நாள் பேசினான். ஜம்முவுக்கு அப்பால் பஸ்ஸில் மறுபடியும் அவன் கதை கந்தலானது.

குல்மார்க்கில் எங்கே பார்த்தாலும் புல். பச்சைச் சரிவில் இரும்புக் கம்பங்கள் மேலே மேலே ஏறிப் போயின. கயிற்றில் நாற்காலிகள் ஆடாமல் தொங்கின. கீழ்க் கம்பத்தருகே ஒரு கிழவர் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். லட்சுமணன் அவரிடம் இந்தியில் ஏதோ சொன்னான். கிழவர் அம்மாக்கண்ணுவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைசி நாற்காலியைத் துணியால் துடைத்துக் கையைக் காட்டினார்.

இரண்டு பேர் உட்காருகிற நாற்காலி அது. அம்மாக்கண்ணுவும் சின்னராசுவும் உட்கார்ந்தார்கள். புல் கணுக்காலில் பட்டது. மேலே ஒரு மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, அதன் உச்சியில் லட்சுமணன் சொன்ன உப்பு. இத்தனை மலையைச் சுமை இல்லாமல், மூச்சு வாங்காமல், சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். லட்சுமணன் பட்டாள முகாமுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும் இருவரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

"ஓடியிருந்தா நல்லா இருந்திருக்கும்கா," என்றான் லட்சுமணன்.

"ஓடாததே நல்லதுடா. ஓடியிருந்தா இந்நேரம் மேல கொண்டுபோய் எறக்கி வுட்டிருப்பான்," என்றாள் அவள்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கிழவர் தன் கொட்டகைக்குள் மூவரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கிண்ணம் தேநீர் கொடுத்தார். அது இளஞ்சிவப்பாக இருந்தது. அம்மாக்கண்ணு ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"உப்புப் போட்டிருக்காங்கடா."

"இங்க அப்பிடித்தான்கா குடிப்பாங்க."

சின்னராசு அதற்குள் தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று கிழவரிடம் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தான்.