தண்ணீர் வரைக்கும்

லாரி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதும் யுஸ்மார்னி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். காலையில் வெட்டிய செம்பனைக் குலைகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. வெட்டிய பழம் மறுநாளைக்குள் பாமாயில் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் எண்ணெய் கெட்டுவிடும். லாரி ஓட்டி வருவது கொழுந்தன் ஷஃப்ரிஸால். பழத்தைச் சேர்ந்து விற்கும் தோட்டக்காரர் குழுவுக்குத் தலைவனும் அவன்தான். என்ன இருந்தாலும் அண்ணன் பெண்டாட்டியை நடுத்தெருவில் விட்டுவிடுவானா என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

வினை வந்தது ஆலைக்காரர்கள் நிலம் அளக்க வந்த அன்று. காட்டையும் ஆற்றையும் கெடுக்காத தோட்டத்து எண்ணெய்தான் வேண்டும் என்று கடல் கடந்து வாங்குகிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். இந்த ஆலை முந்திக்கொண்டு தலையாட்டியது, நல்ல விலையும் பிடித்தது. மற்ற ஆலைகள் வாங்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. கைபேசியும் கையுமாக வந்த பெண் யுஸ்மார்னியை எல்லை நெடுக நடக்கச் சொன்னாள். நடக்கிற வழியைக் கைபேசி எல்லைக்கோடாக வரைந்துகொள்ளும். ஆற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, "அக்கா, இங்கயே திரும்பிடலாமே. வெயில் வேற," என்றாள்.

அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேர் முன்னால் கால் எதுவரை போகிறதோ அதுவரைதான் நிலம். அந்தக் கரையில் தலைமுறைகளாக அதுதான் பேச்சு. புருஷன் போய்ச் சேர்ந்த கையோடு நிலத்தைக் கிள்ளப் பார்க்கிறாளே என்று யுஸ்மார்னிக்குச் சுருக்கென்றது.

"எம் புருஷன் நிலம் தண்ணி வரைக்கும்மா," என்று சொல்லி, கணுக்கால் நனைய ஆற்றில் இறங்கி நின்றாள்.

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, கூட வந்த அதிகாரியைப் பார்த்து மூடிக்கொண்டாள். கரையோரம் செம்பனை நிற்கக் கூடாதென்பது ஆலையின் விதி. வரைபடத்தில் தோட்டம் முழுவதும் சிவப்பாகிவிட்டது. சிவப்புத் தோட்டத்துப் பழத்தை ஆலை வாங்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கும் கரையில் மரம் உண்டு. அவன் சொன்ன இடத்திலேயே திரும்பிவிட்டான், பச்சை வாங்கிக்கொண்டான். பாழாய்ப்போன கால், அங்கேயே நின்றிருக்கக் கூடாதா.

லாரி குவியலருகே வந்து நின்றது. ஷஃப்ரிஸால் இறங்கினான். கம்பியால் ஒரு குலையைக் குத்தித் தூக்கி லாரிக்குள் எறிந்தான். அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த குலையைக் குத்தப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். எத்தனையோ வருடப் பழக்கம். கை தானாகப் போயிருக்கிறது.

கரை மரங்களை இன்றைக்கே சாய்த்துவிடுவதாகச் சொன்னாள். சாய்த்தாலும் மறுபடி அளக்க அடுத்த வருடம்தான் வருவார்கள் என்றான்.

"ஒரு குவியல்தானேப்பா. மத்ததோட கலந்துடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"தெரிஞ்சா மொத்தக் குழுவையும் தள்ளிடுவாங்க அண்ணி. என் பிள்ளைங்களும் அதுலதான் சாப்பிடுது."

"உங்கண்ணன் வச்ச மரம்டா."

அவன் லாரியில் ஏறி, எறிந்த குலையைத் தேடி எடுத்து, பழைய இடத்திலேயே மெதுவாக வைத்தான். மறுபடி ஏறினான். அந்தக் குலையிலிருந்து உதிர்ந்த பழங்களைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். இறங்கி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அவற்றை அவள் கையில் கொடுத்தான்.

லாரி போன பிறகும் அவள் கையை மூடவில்லை. பழங்கள் வெயிலில் சூடாக இருந்தன.