கருத்து எண் 41-3

மூன்றாவது தொகுதியின் இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் அவருடைய கடிதம் கிடைத்துவிட்டது. அச்செழுத்துகளுக்கு நடுவே தன் கையெழுத்தைக் கண்டதும், நெரிசலான கடைத்தெருவில் வீட்டு ஆள் ஒருவரைத் திடீரென்று பார்த்தவர் மாதிரி அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடி. வாசிப்பு அறை என்று பலகை மாட்டியிருந்தாலும் கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் இடமாகத்தான் அது இருந்தது. ஜன்னலோர மேசை ஒன்றைத் துடைத்துக் கொடுத்த அலுவலகப் பெண், "வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது பெரியவரே. ஜெராக்ஸ் வேணும்னா கீழ" என்று சொல்லிவிட்டு, போனில் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

அவர் வேலை பார்த்த பஸ் டிப்போ மூடிக்கிடந்தது. அந்த இடத்தில் கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று இருபத்திரண்டு மாடியில் ஒரு கட்டடம் வரப்போகிறது. அதனால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். அதைப் பற்றி யார் வேண்டுமானாலும் நாற்பத்தைந்து நாளுக்குள் எழுதலாம். எழுதிய ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதில்கள்தான் இந்தத் தொகுதி. முதலில் அரசுத் துறைகளின் கடிதங்கள். தீயணைப்புத் துறை, வண்டி திரும்ப இடம் போதாது என்றது. குடிநீர் வாரியம் இரண்டே வரியில் ஆட்சேபனை இல்லை என்று முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பொதுமக்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண் கொடுத்து, ஓரத்தில் கோடு போட்டு, கறிக்கடைக்காரர் மாதிரி துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எதிர்ப்பக்கத்தில் பதில் எழுதியிருந்தார்கள். அவருடையது நாற்பத்தொன்றாவது கடிதம். 41-1, லாரிகள் எந்தத் தெரு வழியாக வரும் என்ற கேள்வி. பதில்: பொதுப்பதில் நான்கைப் பார்க்கவும். 41-2, கட்டடத்தின் நிழல் விழுந்தால் துணி காயாது என்பது. அது மனைவி பக்கத்தில் நின்று எழுதவைத்தது. பதில்: கருத்து பதிவு செய்யப்பட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய், உன் துணியைப் பதிவு செய்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

41-3தான் அவருடையது. வடக்கு மூலையில் வண்டி கழுவும் மேடைக்குப் பின்னால் பன்னிரண்டடிக்கு எட்டடியில் ஒரு குழி. பதினாறு வருடம் வண்டிகளின் கழிவு எண்ணெயை அதில் ஊற்றினோம், ஊற்றியவர்களில் நானும் ஒருவன் என்று எழுதியிருந்தார். அந்த வரியை எழுத மட்டும் அவருக்கு இரண்டு நாள் ஆனது. டிப்போவை மூடும்போது எண்ணெயை எடுக்காமல் மேலே மண்ணைப் போட்டு மூடினார்கள். அடியில் களிமண் இருப்பதால் இதுவரை தாங்குகிறது. நிலத்துக்கடியில் மூன்று தளத்துக்குத் தோண்டி அந்தக் களிமண்ணை உடைத்தால் எண்ணெய் நிலத்தடி நீரில் இறங்கும். சுவருக்குப் பின்னால் இருபத்தாறு வீடுகளுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். நீங்கள் மண் பரிசோதனை செய்த நான்கு இடங்களும் தெற்கே இருக்கின்றன. வடக்கு மூலையில் ஒரு இடத்தில் தோண்டிப் பாருங்கள், அது போதும். கடைசியில், அன்று ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் இன்றும் நலமாக இருக்கிறார், அவரைக் கேட்டால் சொல்வார் என்று எழுதி, பெயரும் போன் நம்பரும் கொடுத்திருந்தார்.

எதிர்ப்பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "இக்கருத்தில் குறிப்பிடப்பட்ட முன்னாள் ஸ்டோர் பொறுப்பாளரிடம் விசாரிக்கப்பட்டது. மேற்படி இடத்தில் இருந்தது வண்டி கழுவிய நீர் வடியும் தொட்டி மட்டுமே என்றும், கழிவு எண்ணெய் பீப்பாய்களில் அகற்றப்பட்டது என்றும் அவர் எழுத்து மூலம் தெரிவித்துள்ளார். ஆகவே கூடுதல் மண் பரிசோதனை தேவைப்படவில்லை. பார்க்க: இணைப்பு 12."

இணைப்பு பன்னிரண்டைத் தேடும்போதே பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, விரல் வேர்த்திருந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் அளந்து இடம் விட்டு, வரி கோணாமல் எழுதும் கை. ஒரு போல்ட் வெளியே போனாலும் பதிவேட்டில் எழுதாமல் விடாதவர் என்பதால் டிப்போவில் அவருக்கு ரிஜிஸ்டர் என்றே பெயர். இவருக்குக் கிரீஸ். எதிரெதிர் அறைகளில் முப்பது வருடம். கடிதம் சீராக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. கடைசிப் பத்தி: "மேற்படி கருத்தை எழுதியவர் என் நெடுநாள் நண்பர். ஆனால் அக்காலத்தில் அவர் பணிநேரத்தில் மது அருந்தும் பழக்கம் உடையவராக இருந்தார். ஆகவே அவருடைய நினைவு பிசகியிருக்கலாம் என்று மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

பொய்யாக இருந்திருந்தால் அவர் அந்த மேசையைத் தட்டியாவது இருப்பார். அது உண்மை. அந்த உண்மை இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். கால் நிற்காத நாட்களில் ரிஜிஸ்டர்தான் அவரை டயர் அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, வருகைப் பதிவேட்டில் 'வயிற்றுவலி, ஓய்வு' என்று எழுதுவார். அதே அளந்த கையெழுத்தில். குடியை விட்டு இருபத்தொரு வருடம் ஆகிறது. விட்டுவிட்டேன் என்று முதலில் போய்ச் சொன்னதும் ரிஜிஸ்டரிடம்தான்.

போன் பேசி முடித்திருந்த பெண்ணிடம் கேட்டார். "ஏம்மா, சாட்சி யாருமே இல்லாம ஒருத்தர் எழுதியிருந்தா என்ன பண்ணுவாங்க?"

அவள் தொகுதியைத் தன் பக்கம் திருப்பி, பழகிய கையால் புரட்டினாள். "இதோ, முப்பத்தஞ்சாவது கடிதம். கிழக்குப் பக்கம் ஏதோ பழைய கிணறு இருந்துச்சாம்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. யாரு சொன்னா, என்னன்னு ஒண்ணுமில்ல. கேக்க ஆள் இல்லாததால தோண்டியே பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு பாருங்க." பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்றாள்.

வலுவாக இருக்கும் என்று ரிஜிஸ்டர் பெயரைப் போட்டு அவர் சேர்த்த ஒரே ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால் கடப்பாரை வடக்கு மூலையில் இறங்கியிருக்கும்.

ரிஜிஸ்டர் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஜெராக்ஸை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதையாவது யோசித்தாரா என்றால் இல்லை. எஞ்சின் சத்தத்தில் மூன்றாவது கியர் சரியாக விழவில்லை என்பது மட்டும் காதில் பட்டுக்கொண்டே இருந்தது.

"வாடா கிரீஸு, இந்த வெயில்ல..." என்று கதவைத் திறந்த ரிஜிஸ்டர், நண்பரின் கை சட்டைப் பைக்குப் போவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மேசைமேல் ஜெராக்ஸ் மடிப்பு விரியாமல் பாதி எழுந்து நின்றது. மாடியில் யாரோ எதையோ இழுத்துப் போட்டார்கள். வந்தவர்தான் முதலில் பேசினார்.

"நீதான்டா சொன்ன. என் பேரையும் போடு, வலுவா இருக்கும்னு."

"சொன்னேன்."

"அப்புறம்?"

"யாருடா அதையெல்லாம் படிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். நாம எழுதி எதை எவன் படிச்சான்? போன் வரும்னு கனவா கண்டேன்?" ரிஜிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத அந்த முகம் யாரோ ஒருவருடையது போல் இருந்தது. "டிப்போவை மூடறப்போ ஒரு தாள் குடுத்தாங்க. குழியைச் சுத்தம் பண்ணியாச்சு, எண்ணெயெல்லாம் லாரில போயாச்சுன்னு. ஒரு லாரியும் வரல. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? இப்ப குழி இருந்துச்சுன்னு சொன்னா, அப்ப ஏன்யா கையெழுத்துப் போட்டன்னு கேப்பான். இந்த வயசுல கோர்ட்டு படியேறச் சொல்றியா?"

அது அவருக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. பயந்தவனிடம் கோபப்பட முடியவில்லை.

"சரி. பயந்துட்ட. குழி இல்லைன்னு எழுதிட்டு விட்டிருக்கலாமில்ல? நான் குடிச்சதை ஏன்டா எழுதுன?"

ரிஜிஸ்டர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். "ரெண்டு பேரும் வேற வேற சொல்றீங்களே, எதை நம்பறதுன்னு கேட்டாங்க." பிறகு, கேட்காத குரலில், "அப்ப அதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு."

வந்தவர் எழுந்துகொண்டார். "டீ போடறேன், இரு" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அந்த வீட்டுக்குப் போய்த் தொண்டை நனையாமல் படியிறங்கியது அதுவே முதல் தடவை. "வியாழக்கிழமை அந்தக் கட்டடத்தைப் பத்தி நகராட்சி சபைக் கூட்டம்" என்று மட்டும் வாசலில் திரும்பிச் சொன்னார். "யாரு வேணும்னாலும் ரெண்டு நிமிஷம் பேசலாம்." ரிஜிஸ்டர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று தெரியவில்லை.

மனைவியிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஊரே படிக்கலாம் என்று வைத்திருக்கிற புத்தகம். தாளைக் கொடுத்துவிட்டு, அவள் விரல் வைத்துப் படிப்பதைப் பார்க்க முடியாமல் அடுப்பங்கரைக் குழாயடியில் போய் நின்றார். மேல்வீட்டில் இருக்கும் மகள் கீழே வந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

"வயித்துவலி!" என்றாள் மனைவி. "வயித்துவலி வயித்துவலின்னு நீங்க வந்து படுப்பீங்க, நானும் சோடா கலக்கிக் குடுத்துக்கிட்டே இருந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"நல்லா கேட்டீங்க போங்க. அத்தனை வருஷம் உங்க சட்டையை யாரு துவைச்சா? டீசல் நாத்தம் எது, அந்த நாத்தம் எதுன்னு தெரியாதவளா நானு?" தாளை மடித்தாள். மடித்த பிறகும் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். "எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். ஏன் குடிச்சீங்க? கல்யாணமான புதுசுல நீங்க தொட்டதில்லையே. அதை ரிஜிஸ்டர் அண்ணனும் எழுதல, நீங்களும் சொன்னதில்ல."

அவர் குழாயைத் திறந்து, கறுப்பேறிய நகங்களைச் சோப்பு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை சபை மண்டபம் பாதிதான் நிறைந்திருந்தது. ஆதரவா எதிர்ப்பா என்று கேட்கும் படிவத்தில் அவர் இரண்டையும் நிரப்பாமல் கொடுத்தார். அவருக்கு முன்னால் பேசிய பதினான்கு பேரில் மூன்று பேர் பார்க்கிங்கைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் வேலை கிடைக்கும், கட்டுங்கள் என்றார். மைக்குக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு ஒன்று பச்சையாக எரியும், கடைசி முப்பது நொடிக்கு மஞ்சள், பிறகு சிவப்பு. தன் எண்ணைக் கூப்பிட்டதும் அவர் வரிசை வரிசையாக ஒரு தடவை பார்த்தார். மனைவி இருந்தாள், மகள் இருந்தாள். தேடிய முகம் இல்லை. வரமாட்டான் என்று தெரிந்திருந்தும் கண் கதவுவரை போய்விட்டுத்தான் திரும்பியது.

"நாப்பத்தொண்ணாவது லெட்டர் என்னோடது" என்றார். குரல் மண்டபத்தில் பெரிதாகக் கேட்டது. "நான் குடிச்சிட்டு வேலை பாத்தேன்னு உங்க புத்தகத்துல இருக்கு. பாத்தேன். அதை எழுதுனவர் பொய் சொல்லல." யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "அங்க இருந்தது தண்ணி வடியற தொட்டின்னா நான் குடிச்சிருக்கவே வேண்டியதில்லைங்க. சூடான எண்ணெயை வாளி வாளியா கொண்டுபோய் ஊத்தணும். நாலாவது வாளியில கண்ணு எரியும். எட்டாவதுல வாந்தி வரும். உள்ள கொஞ்சம் இறங்கியிருந்தா நாத்தம் தெரியாது. அப்படித்தான் ஆரம்பிச்சேன். என்கூட ஊத்துன ரெண்டு பேரும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. அவங்க இப்ப இல்ல. சாட்சி சொல்ல ஒருத்தர் இருந்தாரு, அவரை நீங்க கேட்டுட்டீங்க."

விளக்கு மஞ்சளானது. சபைத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க சொல்ற இடம் சரியா எங்க இருக்குன்னு காட்ட முடியுமா? வரைபடத்துல அது எதுவும் இல்லையே."

மேடைக்குக் கீழே ஒரு மேசையில் வரப்போகும் கட்டடத்தின் மாதிரியை வைத்திருந்தார்கள். எல்லாம் வெள்ளை. தீக்குச்சி உயரத்தில் மரங்கள், நகத்தளவு மனிதர்கள். அவர் மைக்கை விட்டு அங்கே போனார். தெற்குச் சுவரைக் கண்டுபிடித்தார். கேட் இருந்த இடம், டீசல் பங்க், டயர் அறை என்று அந்த வெள்ளைக்குள் இல்லாத எல்லாவற்றையும் தாண்டி, குனிந்து, வாய்க்குள் அடிகளை எண்ணிக்கொண்டே விரலை நகர்த்தினார். வடக்கு மூலையில் ஒரு சின்ன நீரூற்று இருந்தது. அதைச் சுற்றிப் பிள்ளைகள் கைகோத்து நிற்கிற மாதிரி செய்து ஒட்டியிருந்தார்கள்.

"தொடாதீங்க சார்" என்று யாரோ எழுந்தார்கள். விளக்கு சிவப்பானது. இத்தனை வருடம் சோப்பு போட்டும் கறுப்பு போகாத அந்த நகம் பிள்ளைகளுக்கு நடுவே இறங்கி, நீரூற்றை முழுவதுமாக மூடிக்கொண்டு, அங்கேயே நின்றது.