மாமிக்கு எழுதிக் கொடுத்த அரை மணி நேரம்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஒரு காலையில் என் மாமி அந்தோனியம்மா என் வீட்டுக்காரரை ஆட்டின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். ஆடும் திரும்பிப் பார்த்தது, றோலண்டும் திரும்பிப் பார்த்தார். ஆடு பெருந்தன்மையாக விட்டுவிட்டது. இவருக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மாவுக்கு மறதி வந்திருச்சு. தலவில திருவிழாக் கூட்டத்துல தொலஞ்சிரும். இந்த வருஷம் போக வேணாம்."

மாமி முப்பது வருடமாகத் தவறாமல் தலவில கோயிலுக்கு, புனித அன்னம்மாளைப் பார்க்கப் போகிறவர். அன்றைக்கு அவர் சோறே சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டரய்யா பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். மறதியைத் தடுப்பது பற்றிக் கொழும்பில் மூன்று நாள் வகுப்புக்குப் போய், முப்பது புள்ளிக் கேள்வித்தாளோடு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"பிறந்த திகதி சொல்லுங்கோ அம்மா."

"தொரை பங்களா தீப்பிடிச்ச வருஷமுங்க. அன்னைக்கு நல்ல மழையாம்."

"இண்டைக்கு என்ன திகதி?"

"பௌர்ணமிப் போயாவுக்கு இன்னும் ரெண்டு நாளு இருக்குங்க."

முப்பதுக்கு ஒன்பது புள்ளி விழுந்தது.

"பயப்பிடாதேங்கோ. ஆளுக்கு ஏத்த மாதிரி வாழ்க்கை முறையை மாத்தினால் சரி. தினமும் நடவுங்கோ."

"நாப்பது வருஷம் மலை ஏறி எறங்கினேன். இப்பவும் வெறகுக்குப் போறேங்க."

"வல்லாரை சாப்பிடுங்கோ."

"வாரத்துல நாலு நாளு அதுதாங்க கறி."

"இடது கையாலயும் வேலை செய்து பழகுங்கோ."

"கொழுந்து ஒத்தக் கையிலயாங்க பறிப்பாங்க?"

டாக்டரய்யா பேனையை மூடிவிட்டு யோசித்தார். "புதுசா ஒண்டு செய்யத்தான் வேணும். வாழ்க்கையில ஒருநாளும் செய்யாதது என்ன?"

"சும்மா உக்காந்ததில்லைங்க."

அவர் பேனையைத் திறந்து எழுதினார்: தினமும் மாலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும்.

அன்று மாலை மாமி எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லயமே கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பூரணி சோடாவும் பிஸ்கட்டும் கொண்டு வந்து அழுதாள். கோயில் உபதேசியார் ஓடி வந்து, "ஃபாதரைக் கூப்பிடவா?" என்று கேட்டார். மாமி டாக்டரய்யா எழுதிய மருந்துத் துண்டைக் காட்டினார்.

எனக்கு வயிறு எரிந்தது. கொழுந்து மலையிலிருந்து வந்ததும் மாமி கையால் கிடைக்கும் சாயத்தண்ணித் தேநீரும் போயிற்று. அடுப்பு என் தலையில் விழுந்தது. கல்யாணமான நாள் முதல் பீலிப் பக்கமே போகாத றோலண்ட் தண்ணீர் பிடித்தார், அதுவும் அரை வாளி.

ஒரு மாதம் கழித்து டாக்டரய்யா கேள்வித்தாளோடு வீட்டுக்கே வந்தார். பங்களா மறுபடியும் தீப்பிடித்தது. மறுபடியும் ஒன்பது.

"நான்தான் சொன்னேன்ல? தலவில கெடையாது" என்றார் றோலண்ட்.

மாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தெரியாததையே கேட்டா? தெரிஞ்சதைக் கேளுங்கய்யா!"

"சரி, நேற்று வாசலில இருந்து கண்டதைச் சொல்லுங்கோ."

"அஞ்சு மணிக்கு இவன் யூனியன் கூட்டம்னு சொல்லிட்டு எதுத்தாப்புல மூக்கன் வீட்டுக்குள்ள போனான். அங்க கூட்டமில்ல, கடதாசிச் சீட்டு வெளையாட்டு. அஞ்சே காலுக்குத் தோத்துட்டு வந்து ஆட்டைத் திட்டுனான். அப்புறம் எங்களை நடக்கச் சொன்ன டாக்டரய்யா, கொழுந்து லொறியில தொத்திக்கிட்டு வீட்டுக்குப் போனாரு. முந்தாநாளு..."

"போதும்மா!" என்றார் றோலண்ட். "தலவிலவுக்குப் போயிட்டு வா. தொலையவே மாட்ட."

டாக்டரய்யா ஒன்பதை அடித்துவிட்டு முப்பது என்று எழுதினார். அன்று மட்டும் நடந்தே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை டிஸ்பென்சரி வாசலில் லயத்துப் பெண்கள் பதினேழு பேர் வரிசையில் நின்றோம். நான்தான் முதல் ஆள்.

"பெயர் என்ன பிள்ளை?"

"மறந்து போச்சுங்கய்யா" என்றேன். நாற்காலியைக் கையோடு கொண்டு போயிருந்தேன்.