பார்க்க வேண்டிய படம்

கோவில்பட்டியில் சினிமாவைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. டீக்கடைக்கு ஒருவர் இருப்பார். ஆனால் ஆவணப்படம் என்று வந்துவிட்டால் உமாதேவி ஒருத்திதான். கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவள், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அப்பாவோடு இருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் வாட்ஸ்அப் குழுவில் அவள் ஒரு படத்தைப் பற்றி எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை மாலை, அப்பாவின் பழைய தீப்பெட்டி குடோன் மாடியில் அந்தப் படம் ஓடும். அவள் எழுதுவதன் கடைசி வரி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். 'பாருங்கள்' அல்லது 'பார்க்காவிட்டால் நஷ்டமில்லை'. வாத்தியார்கள், வங்கிக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் அந்தக் கடைசி வரிக்குத்தான் காத்திருப்பார்கள்.

அவள் லேசில் 'பாருங்கள்' போடுகிறவள் அல்ல. எந்தப் படத்தையும் இரண்டு தடவை பார்க்காமல் எழுத மாட்டாள். நிலக்கரிச் சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் தாய்மார்கள், அணைக்கட்டில் ஊரை இழந்தவர்கள் என்று உலகத்துத் துக்கம் அத்தனையும் தேடிப் பிடித்து அந்த மாடிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். படம் முடிந்து விளக்குப் போட்டால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். கடைசி வரிசையில் பூவனநாதன் அண்ணாச்சி, அவளுடைய அப்பா, மகளைப் பார்த்துத் தலையாட்டுவார். அவருக்கு அதில் பாதி புரியாது. ஆனால் மகள் சொல்லை ஊர் மதிக்கிறது என்பது நன்றாகப் புரியும்.

போன செவ்வாய்க்கிழமை பாலகணேஷ் ஒரு இணைப்பை அனுப்பினான். பாலிடெக்னிக் வாத்தியார், குழுவில் முதல் நாளிலிருந்து இருக்கிறவன். குழுவில் போடாமல் அவளுக்கு மட்டும் அனுப்பியிருந்தான். 'வெயில் ஏறுமுன்' என்று படத்தின் பெயர். யாரோ சென்னைப் பிள்ளைகள் எடுத்தது. கீழே குரல் பதிவு.

"யக்கா, இது நம்ம பக்கத்துப் படம். பட்டாசு ஆபீஸ் விபத்தப் பத்தி. எல்லாரும் பாத்துட்டாங்க, ஆனா குரூப்புல ஒருத்தரும் வாய் தெறக்கல. நீங்க என்ன சொல்லுதீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

அவன் நல்ல பையன். இதற்கு மேல் அவனால் எப்படிச் சொல்ல முடியும்? பத்து வருடத்துக்கு முன்னால் பூவனநாதனுடைய பட்டாசு ஆபீசில், அதாவது ஆலையில், மருந்து கலக்கும் அறை வெடித்து ஒரு ஆள் செத்துப்போனது ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு அவர் பட்டாசை மூடிவிட்டுத் தீப்பெட்டியோடு நிறுத்திக்கொண்டார்.

அப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தாள். ஐந்து ஆலைகளின் ஐந்து விபத்துகள். மூன்றாவதாக முப்பிடாதி வந்தாள். நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்தில் தன் வீட்டுக்குள் நின்றுகொண்டு பேசினாள். அழவில்லை. அப்பாவின் ஆபீசில் செத்துப்போன மாரிராஜின் மனைவி. கேமராவுக்குப் பின்னால் இருந்த பெண் நஷ்டஈடு, வழக்கு என்று ஏதேதோ கேட்டாள். முப்பிடாதி எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் தானாகப் பேசினாள்.

"மொதலாளி எங்க கல்யாணத்துக்கு வந்தவரு. அதனால துட்டி கேக்க வருவாருன்னு இருந்தேன். பதினாறாம் நாள் வரைக்கும் வாசல்ல விரிச்ச பாயச் சுருட்டல. மேனேஜர்ட்ட மாலை குடுத்து விட்டிருந்தாரு. மாலை வந்துச்சு, ஆள் வரல."

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைத்தான் இந்தப் பக்கத்தில் துட்டி கேட்பது என்பார்கள். அதை வேறொருவரிடம் கொடுத்தனுப்ப முடியாது. நேரில் வரவேண்டும். எத்தனை வருடத்துப் பகையாக இருந்தாலும் துட்டிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வராமல் இருந்துவிட்டால் அதை மறக்கவும் மாட்டார்கள்.

கேமரா அப்படியே நகர்ந்து சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டியது. மாலையும் கழுத்துமாக மாரிராஜ், முப்பிடாதி. பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர். படம் எடுத்த பிள்ளைகளுக்கு அது யாரென்று தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். உமாதேவிக்குத் தெரிந்தது. அவளுடைய அப்பா. முப்பிடாதி அந்தப் போட்டோவைக் கழற்றவே இல்லை.

மாரிராஜ் செத்த சமயத்தில் உமாதேவி இதே வீட்டில்தான் இருந்தாள். வக்கீல் வந்து அப்பாவிடம் பேசியபோது காபி கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள்தான். அந்த மாதம் எந்த நாட்டுச் சுரங்கத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வழக்கப்படி இரண்டாம் தடவையும் பார்த்தாள். பிறகு எழுத உட்கார்ந்தாள். 'பின்னணி இசை அளவுக்கு மிஞ்சிவிட்டது. ஆகாயத்திலிருந்து எடுத்த காட்சிகள் தேவையில்லை. ஐந்து கதைகளை ஒரு மணி நேரத்தில் அடைத்ததால் ஒன்றும் ஆழமாகவில்லை. பார்க்காவிட்டால் நஷ்டமில்லை.' முதல் மூன்றும் உண்மை. பொய்யை உண்மைகளுக்குக் கீழே ஒளித்து வைக்கப் படித்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அனுப்பாமல் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை வரை அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பாருங்கள்' என்று போட்டால் அந்த மாடியில், அப்பாவின் குடோனில், அப்பாவைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு ஊர் பார்க்கும். போடாவிட்டால் அவள் இனிமேல் எந்தப் படத்துக்கும் 'பாருங்கள்' போட முடியாது.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவே கேட்டார். "இந்த வாரம் என்ன படம்மா?"

சொல்லிவிட்டாள். ஒளித்து வைக்கத் தெம்பில்லை.

அவர் கை சோற்றில் நின்றுவிட்டது. "நம்ம பேரு வருதா?"

"பேரு வரல."

"அந்தப் பிள்ள என்ன சொல்லுதா? திட்டுதாளா?"

"திட்டலப்பா. மாலை வந்துச்சு, ஆள் வரலன்னு சொல்லுதா."

பூவனநாதன் கையைக் கழுவிவிட்டு வந்தார். "வக்கீல் சொன்னாருமா. கேஸ் நடக்கும்போது நீங்க போய் நின்னா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னாரு."

"தெரியும்ப்பா. கேஸ் முடிஞ்சு எத்தன வருசமாச்சு?"

அவர் படத்தைக் காட்டச் சொன்னார். முப்பிடாதி பேசுவதைப் பார்த்தார். போட்டோ வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். எழுபத்தாறு வயது மனிதர் அப்படி அழுது உமாதேவி பார்த்ததில்லை, அம்மா செத்தபோதுகூட.

"நாளைக்குக் காலைல போவோம்" என்றார். "இப்பவாவது துட்டி கேட்டுருவோம்."

வெள்ளிக்கிழமை காலையில் குழுவுக்கு ஒன்றும் எழுதாமல் கிளம்பினாள். அப்பாவும் அவளும் எட்டயபுரம் தாண்டிப் போனார்கள். இரண்டு பக்கமும் உளுந்தும் மக்காச்சோளமும். முந்தின நாள் மழையில் கரிசல் குழைந்து கிடந்ததால் காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்தார்கள். செருப்பில் மண் அப்பி அப்பி அவருக்குக் காலைத் தூக்கி வைப்பதே பெரும்பாடாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சாவு வீட்டுக்குப் போகிற மாதிரியே வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

உமாதேவிக்கு ஒரே ஒரு பயம்தான். துட்டிக்கு வந்தவர்களை 'வாங்க' என்று சொல்லும் வழக்கம் கிடையாது. வருகிறவர் பேசாமல் வந்து பாயில் உட்காருவார், வீட்டுக்காரர்கள் பேசாமல் கையைத் தொடுவார்கள். போகும்போதும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் பாயை எடுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டே நடந்தாள். திட்டினால்கூடச் சரிதான்.

முப்பிடாதி வாசலில் மிளகாய் வற்றலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்து, உடனே அடையாளம் கண்டுகொண்டு, சேலையில் கையைத் துடைத்தாள்.

"வாங்க மொதலாளி. வாங்கக்கா."

உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். உறவுக்காரர்கள் வந்தால் எப்படிக் கவனிப்பாளோ அப்படி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாயை மட்டும் எடுக்கவில்லை.

பூவனநாதன் நாற்காலியில் உட்காரவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, துட்டி கேட்க நீட்டுகிற மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நான் அன்னைக்கே வந்திருக்கணும், தாயி."

முப்பிடாதி அந்தக் கைகளைத் தொடவில்லை.

"உக்காருங்க மொதலாளி" என்றாள். "பத்து வருசமாச்சு. இப்பப் போயி நான் ஒங்க கையத் தொட்டு அழுதேன்னா, இன்னைக்கு யாரு செத்தான்னு அக்கம்பக்கம் கேக்கும். நான் என்ன சொல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அவர் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்று, பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கலர் வந்தது. குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளே பேச்சை எடுத்தாள்.

"படத்தப் பாத்துட்டுத்தான் வந்தீங்களாக்கும்?"

"ஆமா" என்றாள் உமாதேவி.

"நான் பாக்கல. எடுத்துட்டுப் போனவங்க அனுப்புதோம்னாங்க, அனுப்பல. நீங்க படம் பாத்துட்டு, இதப் பாக்கலாம், இது வேண்டாம்னு சொல்லுவீங்களாமே. வேலைக்குப் போற வேன்ல பேசிக்கிடுவாங்க. அது பாக்குற மாதிரி இருக்காக்கா?"

எத்தனையோ பேர் அவளிடம் கேட்ட கேள்விதான். யாரிடமும் அவள் இப்படித் திணறியதில்லை. இசையைப் பற்றியும் ஆகாயக் காட்சியைப் பற்றியும் இந்தப் பெண்ணிடம் என்ன பேச?

"பாக்கலாம்" என்றாள். "நீங்க பேசுதது நல்லா வந்திருக்கு."

"அவரு வாராரா அதுல? நடக்குற மாதிரி, பேசுற மாதிரி ஏதாச்சும்?"

"இல்ல. கல்யாணப் போட்டோவ மட்டும் காட்டுதாங்க."

"போட்டோதான் இங்கனயே கெடக்கே" என்றாள் முப்பிடாதி. "அப்ப எனக்கு எதுக்கு அது? எனக்கு வேண்டாம். ஒங்க ஆளுகளுக்குப் போட்டுக் காட்டுங்க. அவியதான் பாக்கணும்" என்றாள்.

எழுந்தபோது பூவனநாதன் ஒன்றும் சொல்லவில்லை. துட்டிக்கு வந்தவர் சொல்லிக்கொள்ளாமல் போவதுபோல, தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கினார். அதையாவது முறைப்படி செய்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பார். முப்பிடாதி வாசல் வரை வந்தாள்.

"போயிட்டு வாங்க மொதலாளி. சகதி, பாத்துப் போங்க."

காருக்கு வந்து சேரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உமாதேவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, காரைக் கிளப்பாமல் போனை எடுத்தாள். முன்பு எழுதிவைத்ததை அழித்தாள். புதிதாக எழுதி, அனுப்புவதற்கு முன்னால் அப்பாவிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி மெல்ல வாசித்தார்.

'வெயில் ஏறுமுன். ஞாயிறு மாலை நம் மாடியில். அதில் முப்பிடாதி சொல்கிற முதலாளி என் அப்பா. பாருங்கள்.'

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பான்னு மட்டும் போட்டா எப்படி?" என்றார். "பூவனநாதன்னு பேரப் போடு. ஞாயித்துக்கெழம நான் மொத வரிசையில உக்காந்துக்கிடுதேன். வாரவிய என்னையும் பாத்துட்டுப் போகட்டும்."